ஏலத்துக்கு வரும் வீடு: வாங்குபவரின் கடமையும் மஹல்லாவின் கடமையும்

(ராயபுரம் பகுதியில் நிகழ்த்தப்பட்ட ஜும்ஆ உரையின் எழுத்து வடிவம்)

அல்ஹம்துலில்லாஹ். எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே. அவனுடைய சாந்தியும் சமாதானமும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களுடைய குடும்பத்தார் மீதும், ஸஹாபாக்கள் மீதும், அவர்களைப் பின்பற்றி வாழும் அனைவர் மீதும் உண்டாவதாக.

கண்ணியத்திற்குரிய ஜமாஅத்தார்களே! முதலில் எனக்கும் பிறகு உங்களுக்கும் தக்வாவைக் கொண்டு வஸிய்யத் செய்கிறேன். தக்வா என்பது தொழுகைப் பாயோடு முடிந்துவிடுகிற விஷயம் அல்ல. நாம் கொடுக்கும் விலையிலும் வாங்கும் விலையிலும் அது சோதிக்கப்படுகிறது.

இன்று வங்கி ஏலத்துக்கு வரும் வீடுகளைப் பற்றிப் பேசுகிறேன். நாளிதழைப் பிரித்தால் ஏல அறிவிப்புகள். சர்வே எண், பிரிக்கப்படாத மனைப் பங்கு எத்தனை சதுர அடி, கடன் வாங்கியவர் பெயர், ஜாமீன் போட்டவர் பெயர் என்று எல்லாம் சிறிய எழுத்தில் அச்சாகியிருக்கும். அந்த முகவரிகளில் தண்டையார்பேட்டையும் திருவொற்றியூரும் எண்ணூரும் வருகின்றன. அதே வீடுகள் வாட்ஸ்அப்பில் "மார்க்கெட் ரேட்டை விடக் குறைவு" என்ற தலைப்போடு சுற்றுகின்றன. பார்த்துவிட்டு நம் சகோதரர்கள் கேட்கிறார்கள்: "ஹஜ்ரத், ஏல வீடு வாங்கலாமா? அது ஹலாலா, ஹராமா?"

இதற்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்லி அனுப்பிவிடலாம். ஆனால் அந்தக் கேள்விக்குள் இன்னொரு கேள்வி இருக்கிறது. அந்த வீடு விலை குறைவாகக் கிடைக்கிறதே, அந்தக் குறைவு எங்கிருந்து வருகிறது? யாருடைய பையிலிருந்து வருகிறது? இதை யோசித்தால்தான் முதல் கேள்விக்கே சரியான பதில் கிடைக்கும்.

வீடு எப்படி ஏலத்துக்கு வருகிறது?

வட்டிக்குக் கடன் வாங்குவது மார்க்கத்தில் கடுமையாகத் தடுக்கப்பட்டது. அல்பகரா சூராவின் 275 முதல் 281 வரையிலான வசனங்களைப் படித்தவர்களுக்கு அதன் கடுமை தெரியும். அதை யாரும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் இப்படி வீட்டை இழக்கிறவர்கள் எல்லோரும் ஆடம்பரத்துக்காகக் கடன் வாங்கியவர்கள் என்று நினைத்துவிடவும் கூடாது.

நம் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். துறைமுகத்தை நம்பி டிரெய்லர் ஓட்டுபவர், காசிமேட்டை நம்பி மீன் வியாபாரம் செய்பவர், மண்ணடியில் சிறிய கடை வைத்திருப்பவர். இவர்களுக்கு மாதச் சம்பளம் என்று ஒன்று கிடையாது. 2020இல் ஊரடங்கு வந்தது. மார்ச் முதல் ஆகஸ்ட் வரை ஆறு மாதம் தவணையைத் தள்ளிப்போடலாம் என்று ரிசர்வ் வங்கி அனுமதித்தது. தவணைதான் நின்றது, வட்டி ஓடிக்கொண்டே இருந்தது. பிறகு 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதம் 4 சதவீதத்திலிருந்து 6.5 சதவீதமாக ஏறியது. மாறும் வட்டியில் கடன் வாங்கியவர்களுக்குத் தவணை கூடியது, அல்லது கட்டவேண்டிய காலம் நீண்டது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம். அதோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவி, மீனவர்களுடைய படகும் வலையும் கறுத்துப் போயின. அதே மாதம் 26ஆம் தேதி இரவு எண்ணூரில் அமோனியா வாயு கசிந்து, மக்கள் தூக்கத்திலிருந்து எழுந்து குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினார்கள்.

தவணை கட்ட முடியாதவர் முதலில் என்ன நினைப்பார்? வீட்டை விற்றுக் கடனை அடைத்துவிடலாம் என்று நினைப்பார். நம் பக்கத்தில் அது அவ்வளவு எளிதல்ல. 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்தபோது எல்லோருக்கும் நம்பிக்கை பிறந்தது. ஆனால் கார் நுழையாத சந்து, பழைய கட்டடம், சிறிய மனைப் பங்கு, தாய்ப்பத்திரத்தில் சிக்கல் என்றால் வாங்க வருபவர் யோசிக்கிறார். முத்திரைக் கட்டணம் 7, பதிவுக் கட்டணம் 2 என்று 9 சதவீதம் விலைக்கு மேல் எடுத்து வைக்க வேண்டும் என்பதாலும் யோசிக்கிறார். பார்த்துவிட்டுப் போனவர் திரும்ப வருவதில்லை. மாதங்கள் ஓடிவிடுகின்றன. அவரிடம் சொத்து இருக்கிறது, அவகாசம் இல்லை. சந்தை மெதுவாக நகர்கிறது, வட்டியோ ஒரு நாளும் நிற்பதில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் ஒரு குடும்பம் நசுங்குகிறது.

சட்டத்தின் வரிசையையும் தெரிந்துகொள்ளுங்கள். தவணை 90 நாள் நிலுவையில் இருந்தால் அது வாராக்கடன். 2002ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டப்படி வங்கி 60 நாள் அவகாசம் கொடுத்து நோட்டீஸ் அனுப்புகிறது. அதற்குக் கடன்தாரர் ஆட்சேபம் எழுதினால் வங்கி 15 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். அதன் பிறகும் பணம் வரவில்லை என்றால், சிவில் வழக்கு போடாமலேயே வங்கி சொத்தைச் சுவாதீனம் எடுக்கலாம். இதை எதிர்த்துக் கடன் வசூல் தீர்ப்பாயத்துக்குப் போக 45 நாள் உண்டு. விற்பனைக்கு முன் கடன்தாரருக்கு 30 நாள் அறிவிப்பு தர வேண்டும். அப்படியானால் முதல் தவணை தவறிய நாளிலிருந்து ஏல நாள் வரை குறைந்தது ஆறு மாதம் ஆகிறது. இந்த ஆறு மாதத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு இதற்கு வருகிறேன்.

ஏலம் மார்க்கத்தில் உண்டா?

உண்டு. உதவி கேட்டு வந்த ஓர் அன்ஸாரித் தோழரிடம், வீட்டில் ஏதாவது இருக்கிறதா என்று நபி (ஸல்) அவர்கள் கேட்டார்கள். ஒரு துணியும் தண்ணீர் குடிக்கும் ஒரு பாத்திரமும் இருப்பதாக அவர் சொன்னார். இரண்டையும் வரவழைத்து நபியவர்களே ஏலம் விட்டார்கள். ஒருவர் ஒரு திர்ஹம் தருவதாகச் சொன்னார். அதோடு முடித்துவிடவில்லை. இதைவிடக் கூடுதலாகத் தருபவர் யார் என்று இரண்டு மூன்று முறை கேட்டார்கள். இன்னொருவர் இரண்டு திர்ஹத்துக்கு வாங்கினார். ஒரு திர்ஹத்தில் வீட்டுக்கு உணவும், மற்றதில் ஒரு கோடரியும் வாங்கச் சொல்லி, விறகு வெட்டிப் பிழைக்க வழிகாட்டினார்கள். அபூதாவூதிலும் திர்மிதீயிலும் இந்தச் செய்தி வருகிறது. ஏலத்துக்கு ஆதாரமாக அறிஞர்கள் இதை எடுத்துக்காட்டுகிறார்கள்.

சகோதரர்களே, அந்த ஏலம் யாருக்காக நடந்தது என்று பாருங்கள். பொருளுக்கு உரியவருக்காக நடந்தது. கூடுதல் விலை யாருக்குப் போனது? அவருக்கே போனது. முதலில் கேட்ட ஒரு திர்ஹமே போதும் என்று நபியவர்கள் விட்டிருந்தால் அவர் கையில் கோடரி வந்திருக்காது.

கடன் தீர்க்க முடியாதவரின் சொத்தை விற்பதும் ஃபிக்ஹில் பேசப்பட்ட விஷயம்தான். முஆத் இப்னு ஜபல் (ரலி) அவர்கள் கடனில் சிக்கியபோது, அவர்களுடைய பொருள்கள் விற்கப்பட்டுக் கடன்காரர்களுக்குக் கொடுக்கப்பட்டதாக அறிவிப்பு இருக்கிறது. இமாம் ஷாஃபிஈ, இமாம் மாலிக், இமாம் அஹ்மத் ஆகியோர் காழி அப்படி விற்கலாம் என்றார்கள். இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் தயங்கினார்கள். சுயபுத்தியுள்ள ஒரு மனிதனுடைய பொருளை அவனுடைய சம்மதமின்றி விற்பதை அவர்கள் ஏற்கவில்லை. அவர்களுடைய மாணவர்கள் அபூயூஸுஃபும் முஹம்மதும் விற்கலாம் என்றார்கள். குடியிருக்கும் வீட்டைப் பற்றியும் கருத்து வேறுபாடு உண்டு. ஷாஃபிஈ மத்ஹபில் வீடும் விற்கப்படும் என்பதே வலுவான கருத்து. ஹன்பலி மத்ஹபில் அவருக்குத் தேவையான வீட்டை விட்டுவைக்க வேண்டும்.

வங்கியில் இருப்பது அடமானச் சொத்து. அடமானம் வைத்தவர் அதை விற்கும் அதிகாரத்தையும் சேர்த்தே கொடுத்திருக்கிறார். ஆகவே தன்னிடமுள்ள ஹலாலான பணத்தைக் கொண்டு ஒருவர் அந்த வீட்டை வாங்கினால் அந்த வியாபாரம் செல்லும் என்று உலமாக்களில் பலர் சொல்கிறார்கள். வட்டிக் கடனோடு தொடர்புடைய சொத்து என்பதால் பேணுதலாக விலகிக்கொள்வது நல்லது என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டு கருத்துக்கும் மதிப்பு உண்டு. ஆனால் ஒன்றில் கருத்து வேறுபாடே இல்லை: ஏல வீட்டை வாங்குவதற்காக நீங்களே வட்டிக்குக் கடன் வாங்குவது கூடாது.

ஏல விதிகளைத் தெரிந்துகொள்ளாமல் பலர் இந்த வலையில் விழுகிறார்கள். ஏலம் உங்கள் பெயரில் முடிந்தால், முன்வைப்புத் தொகையையும் சேர்த்து 25 சதவீதத்தை அன்றே அல்லது மறுநாள் அலுவல் நாளில் கட்ட வேண்டும். மீதி 75 சதவீதத்தை 15 நாளில் கட்ட வேண்டும். வங்கி எழுத்துப்பூர்வமாக ஒப்புக்கொண்டால் அதிகபட்சம் மூன்று மாதம். தவறினால் கட்டிய பணம் போய்விடும். கையில் முழுப் பணம் இல்லாமல் ஆசையில் ஏலம் கேட்டவர் பதினான்காவது நாள் யாரிடம் ஓடுவார்? கந்துவட்டிக்காரரிடம்தான் ஓடுவார். ஒருவர் வட்டியால் இழந்த வீட்டுக்குள் இன்னொருவர் வட்டியோடு குடி போகிறார்.

விலைக் குறைவு எங்கிருந்து வருகிறது?

ஏல வீட்டின் விலைக் குறைவில் இரண்டு பங்கு இருக்கிறது. இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஒன்று, வாங்குபவர் ஏற்கும் சிரமத்தின் பங்கு. "உள்ளது உள்ளபடியே" என்ற நிபந்தனையில்தான் வங்கி விற்கிறது. சொத்து வரி நிலுவை, மின்கட்டணம், குடியிருப்புச் சங்கப் பாக்கி எல்லாம் உங்கள் தலையில் விழலாம். தீர்ப்பாயத்தில் வழக்கு இருக்கலாம். சில நேரம் வங்கியிடம் காகித அளவிலான சுவாதீனம்தான் இருக்கும். உள்ளே ஒரு குடும்பம் குடியிருக்கும். இந்தப் பொறுப்பை நீங்கள் ஏற்கிறீர்கள். நஷ்டத்துக்குப் பொறுப்பேற்பவருக்கே பலனும் உரியது என்பது ஷரீஅத்தின் அடிப்படை. ஆகவே இந்தப் பங்கு உங்களுக்கு ஹலால்.

இரண்டாவது, அவருடைய நிர்ப்பந்தத்தின் பங்கு. வீட்டில் குறை எதுவும் இல்லை. அவருக்கு இன்னும் எட்டு மாதம் அவகாசம் இருந்திருந்தால் நியாயமான விலைக்கு விற்றிருப்பார். அவகாசம் இல்லாததால் மட்டும் விலை இறங்குகிறது. இந்தப் பங்குக்காக நீங்கள் எந்தச் சிரமமும் படவில்லை, எந்தப் பொறுப்பும் ஏற்கவில்லை.

நிர்ப்பந்தத்துக்கு ஆளானவரின் வியாபாரத்தை நபி (ஸல்) அவர்கள் தடுத்ததாக அலீ (ரலி) அவர்கள் வழியாக அபூதாவூதில் ஓர் அறிவிப்பு இருக்கிறது. அதன் தொடரில் பலவீனம் உண்டு என்று ஹதீஸ் கலை அறிஞர்கள் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் அதற்கு இமாம் கத்தாபீ (ரஹ்) அவர்கள் தந்த விளக்கம் நம் காலத்துக்காகவே எழுதியது போல இருக்கிறது. ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த அவர்கள், நிர்ப்பந்தம் இரண்டு வகை என்கிறார்கள். கத்தியைக் காட்டி விற்க வைத்தால் அந்த வியாபாரமே செல்லாது. கடன் சுமையால் ஒருவர் தன் பொருளை நஷ்டத்துக்கு விற்க வந்தால் வியாபாரம் செல்லும்; ஆனால் மார்க்கத்தின்படியும் மனிதப் பண்பின்படியும் அவரிடம் அப்படி வாங்கக் கூடாது, அவருக்கு உதவ வேண்டும், கடன் கொடுக்க வேண்டும், வசதி வரும்வரை அவகாசம் வாங்கிக் கொடுக்க வேண்டும் என்று சொல்கிறார்கள்.

கவனியுங்கள்: சட்டப்படி செல்லும், ஆனால் ஒரு முஃமினுக்கு அழகல்ல. நாம் பெரும்பாலும் "செல்லுமா" என்று மட்டும் கேட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறோம்.

ஷுஐப் (அலை) அவர்கள் தம் சமூகத்துக்குச் சொன்ன உபதேசங்களில், மக்களுடைய பொருள்களின் மதிப்பைக் குறைக்காதீர்கள் என்பதும் ஒன்று. அஃராஃப், ஹூது, ஷுஅரா என மூன்று சூராக்களில் அல்லாஹ் இதை நினைவூட்டுகிறான். எடையில் மோசடி செய்வது மட்டும் குற்றம் அல்ல. பொருளுக்கு உரிய மதிப்பைத் தராமல் அடித்து வாங்குவதும் அதில் அடங்கும்.

ஜரீர் இப்னு அப்தில்லாஹ் அல்பஜலீ (ரலி) அவர்கள், ஒவ்வொரு முஸ்லிமுக்கும் நலம் நாடுவதாக நபியவர்களிடம் பைஅத் செய்தவர்கள். அவர்களுடைய பணியாளர் ஒரு குதிரையை 300 திர்ஹத்துக்குப் பேசி முடித்தார். ஜரீர் (ரலி) அவர்கள் குதிரையைப் பார்த்துவிட்டு அதன் சொந்தக்காரரிடம், இது இன்னும் கூடுதலாகப் பெறும் என்று சொல்லி, தாமே விலையை ஏற்றி ஏற்றி 800 கொடுத்து வாங்கினார்கள். தப்ரானீயில் இந்தச் சம்பவம் பதிவாகியிருக்கிறது. விற்பவர் சம்மதித்துவிட்டார் என்பதே அவர்களுக்குப் போதுமானதாக இருக்கவில்லை.

அப்படியானால் யாரும் வாங்கவே கூடாதா?

இங்கே சிலர் அவசர முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். "இது பாவப்பட்டவன் வீடு, நமக்கு வேண்டாம்" என்று ஒதுங்குவதே தக்வா என்று நினைக்கிறார்கள். எடுத்துக்காட்டாக ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஒரு வீட்டின் நியாய விலை 40 லட்சம். வங்கிக்குத் தரவேண்டியது 30 லட்சம். முதல் ஏலத்தில் குறைந்தபட்ச விலை 36 லட்சம், யாரும் வரவில்லை. அடுத்த ஏலத்தில் 32 லட்சமாகக் குறைக்கிறார்கள், யாரும் வரவில்லை. மூன்றாவது ஏலத்தில் 29 லட்சம். யாரோ ஒருவர் எடுத்துவிடுகிறார். இப்போது வீட்டுக்காரருக்கு என்ன மிச்சம்? வீடும் போயிற்று, ஒரு லட்சமும் ஏலச் செலவும் கடனாக நிற்கிறது. அந்தப் பாக்கியையும் வசூலிக்க வங்கிக்குச் சட்டத்தில் வழி உண்டு. அதே வீடு முதல் ஏலத்திலேயே 38 லட்சத்துக்குப் போயிருந்தால், வங்கியின் பாக்கியும் செலவும் போக மீதி ஏறக்குறைய 8 லட்சம் அவருக்கே திரும்ப வந்திருக்கும். வாடகை வீட்டுக்கு முன்பணமும் புதிய தொழிலுக்கு ஒரு தொடக்கமும் அதில் கிடைத்திருக்கும்.

மீதித் தொகை சொத்துக்காரருக்கே என்பது சர்ஃபாசி சட்டத்திலும் இருக்கிறது. மார்க்கத்தில் அதற்கு வெகு காலம் முன்பே இருக்கிறது. அறியாமைக் காலத்தில் கடன் தவறினால் அடமானப் பொருள் முழுவதும் கடன் கொடுத்தவருக்கே போய்விடும். அதை நபி (ஸல்) அவர்கள் ஒழித்தார்கள். அடமானம் வைத்ததால் பொருள் கைமாறிவிடாது, அதன் லாபமும் நஷ்டமும் உரியவருக்கே என்று அறிவித்தார்கள்.

ஆகவே ஒதுங்குவதால் அவருக்கு நன்மை இல்லை. நியாயமான விலை கேட்பவர் எல்லோரும் விலகிக்கொண்டால், அடித்து வாங்குபவர் மட்டும்தான் களத்தில் இருப்பார். இரக்கம் உள்ளவர் நியாய விலையோடு ஏலத்துக்குப் போவதே அந்தக் குடும்பத்துக்கு உதவி. மற்றவர் வரட்டும், விலை இறங்கட்டும் என்று மூன்றாவது ஏலத்துக்காகக் காத்திருப்பவர், ஒரு குடும்பத்தின் மூச்சு அடங்குவதற்காகக் காத்திருக்கிறார்.

ஏலத்தில் கூட்டுச் சேர்வதும் அப்படித்தான். விலையை ஏற்றுவதற்காகப் பொய்யாகக் கேட்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தது புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. வாங்குபவர்கள் முன்கூட்டியே பேசிவைத்து, நீ கேட்காதே, நான் எடுத்துவிட்டு உனக்கு ஒரு தொகை தருகிறேன் என்று விலையை அமுக்குவதும் அநியாயம் என்று அறிஞர்கள் எழுதியிருக்கிறார்கள். பத்து பேர் பேசிவைத்து 38 லட்சத்தை 32 லட்சம் ஆக்கினால், அந்த 6 லட்சம் வங்கியின் பணம் அல்ல. கடன்பட்ட ஒரு தகப்பனின் பணம். கியாமத் நாளில் அதைக் கேட்க அவர் வருவார்.

2008இல் அமெரிக்காவில் வீட்டுக்கடன் நெருக்கடி வந்து லட்சக்கணக்கான குடும்பங்கள் வீட்டை இழந்தன. அந்தச் சரிவுக்குப் பிறகு பெரிய முதலீட்டு நிறுவனங்கள் வீடுகளை மொத்தமாக வாங்கி வாடகைக்கு விட்டன. 2012இல் பிளாக்ஸ்டோன் தொடங்கிய இன்விடேஷன் ஹோம்ஸ் அதில் பெயர் பெற்றது. சொந்த வீட்டில் இருந்த மக்கள் அதே ஊரில் வாடகைக்காரர் ஆனார்கள். அங்கே சட்டம் மீறப்பட்டது என்று நான் சொல்லவில்லை. சட்டப்படி நடந்தாலே போதும் என்று விட்டால் ஓர் ஊர் இப்படியும் ஆகலாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

வாங்குபவர் செய்ய வேண்டியவை

முதலாவது, ஏலத்துக்கு முன்பே வீட்டுக்காரரிடம் பேசுங்கள். வங்கியிடம் முழுப் பாக்கிக்குக் கணக்கு வாங்கி, அந்தத் தொகையை நேரே வங்கிக்குக் கட்டி, பத்திரத்தை விடுவித்து, மீதியை அவர் கையில் கொடுத்துக் கிரயம் செய்துகொள்ளலாம். வங்கிக்கும் இது இழுபறி இல்லாத வழி. உங்களுக்கு வழக்கு ஆபத்து குறையும். அவருக்கு மானம் மிஞ்சும். சூரா அந்நிஸாவின் 29ஆவது வசனம் வியாபாரத்துக்கு நிபந்தனையாக வைக்கும் பரஸ்பர சம்மதம் இதில் முழுமையாகக் கிடைக்கும்.

இரண்டாவது, ஏலத்திலேயே வாங்கினால் நியாய விலையை ஒட்டிக் கேளுங்கள். வில்லங்கச் சான்று, தாய்ப்பத்திரம், வரி நிலுவை, தீர்ப்பாயத்து வழக்கு எல்லாவற்றையும் வழக்கறிஞரைக் கொண்டு பாருங்கள். சிரமத்துக்கான பங்கைக் கழித்துக்கொள்ளுங்கள். நிர்ப்பந்தத்துக்கான பங்கை விட்டுக்கொடுங்கள்.

மூன்றாவது, உள்ளே இருப்பவர்களை ஆள் வைத்து மிரட்டி வெளியேற்றாதீர்கள். சுவாதீனம் எடுத்துத் தர மாஜிஸ்திரேட் வழியாகச் சட்டத்தில் முறை இருக்கிறது. அதற்கும் முன்பாக ஒரு முறை நேரில் போய் ஸலாம் சொல்லிப் பேசுங்கள். பிள்ளைகளுக்குப் பரீட்சை முடியட்டும் என்று இரண்டு மாதம் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? வண்டிச் செலவுக்கு ஒரு தொகை கொடுங்கள். அவர்களே வாடகைக்கு இருக்க விரும்பினால் யோசியுங்கள். ஆனால் ஓர் எச்சரிக்கை: கூடுதல் தொகை வாங்கிக்கொண்டு இன்ன தேதியில் உனக்கே திருப்பி விற்பேன் என்று முன்கூட்டியே ஒப்பந்தம் போடாதீர்கள். அது வியாபாரத்தின் பெயரில் வட்டியாகிவிடும்.

நான்காவது, உள்ளே இருப்பவர் லீசுக்கு இருப்பவராகவும் இருக்கலாம். வீட்டுக்காரரிடம் மொத்தமாக லட்சங்களைக் கொடுத்துவிட்டுக் குடியிருக்கும் அவர் எந்தக் கடனும் வாங்கவில்லை. வீடு அடமானத்தில் இருப்பதே அவருக்குத் தெரிந்திருக்காது. அவருடைய நிலையையும் கேட்டுத் தெரிந்துகொண்டு நடந்துகொள்ளுங்கள்.

மஹல்லாவின் ஆறு மாதம்

இனி இந்தக் கேள்வி வாங்குபவரை விட்டு நம் எல்லோர் பக்கமும் திரும்புகிறது. ஆறு மாதம் என்று சொன்னேனே! அந்த ஆறு மாதமும் அவர் நம் ஸஃப்பில் நின்று தொழுதார். பக்கத்தில் நின்ற நமக்குத் தெரியவில்லை. அவரும் சொல்லவில்லை. நாளிதழில் பெயர் வந்த பிறகுதான் தெரிந்தது. அதற்குள் காலம் கடந்துவிட்டது. முழுப் பாக்கியையும் கட்டி வீட்டை மீட்கும் உரிமை ஏல அறிவிப்பு வெளியாகும் வரைதான் என்று 2016இல் சட்டம் திருத்தப்பட்டது. 2023 செப்டம்பரில் உச்சநீதிமன்றமும் அப்படியே விளக்கியது. நாளிதழைப் பார்த்து ஓடி வருபவரின் உதவி அவருக்குப் பெரும்பாலும் பயன்படாது.

நபி (ஸல்) அவர்களுடைய காலத்தில் ஒருவர் வாங்கிய பழங்கள் பாதிக்கப்பட்டுக் கடன் ஏறிவிட்டது. அவருக்குத் தர்மம் செய்யுங்கள் என்று நபியவர்கள் மக்களிடம் சொன்னார்கள். மக்கள் கொடுத்தார்கள். அது கடனுக்குப் போதவில்லை. கடன் கொடுத்தவர்களிடம், கிடைத்ததை எடுத்துக்கொள்ளுங்கள், இதற்கு மேல் உங்களுக்கு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் வரும் செய்தி இது. சமூகம் முதலில் கை கொடுத்தது, பிறகுதான் கடன்காரர்களிடம் பேச்சு நடந்தது.

நம் ஜமாஅத்தும் அந்த வரிசையைப் பின்பற்றலாம். மஹல்லாவில் ஒரு வழக்கறிஞர், வங்கியில் வேலை பார்த்த ஒரு பெரியவர், ஒரு கணக்காளர் என மூன்று பேர் போதும். 60 நாள் நோட்டீஸ் வந்தவர் ரகசியமாக அவர்களிடம் வர வேண்டும். ஆட்சேபக் கடிதம் எழுதலாம், ஒருமுறைத் தீர்வுக்குப் பேசலாம், வாங்குபவரைத் தேடலாம். வசூல் ஆள்கள் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் கடன்தாரரை அழைக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022இல் சொல்லியிருக்கிறது. அதுகூடத் தெரியாமல் பயந்து கிடக்கும் குடும்பங்கள் உண்டு. ஜகாத் பெறுவோரின் எட்டு வகையினரில் கடனில் மூழ்கியவர்களையும் சூரா அத்தவ்பாவின் 60ஆவது வசனம் சேர்த்திருக்கிறது. அத்தியாவசியத் தேவைக்காகக் கடன்பட்டு, வட்டியிலிருந்து தவ்பா செய்து மீள நினைப்பவருக்கு அந்தப் பங்கிலிருந்து கொடுப்பது பற்றி உலமாக்களிடம் கேட்டு பைத்துல்மால் முடிவு செய்யட்டும். ரமளானில் அரிசி கொடுக்கிறோம், அல்ஹம்துலில்லாஹ். அதோடு ஒரு வீட்டைக் காப்பாற்றவும் ஒரு பங்கு ஒதுக்குவோம்.

கடனில் இருக்கும் சகோதரரே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. நோட்டீஸை மனைவிக்குக்கூடத் தெரியாமல் பீரோவில் மறைத்து வைக்காதீர்கள். நீங்கள் வாய் திறக்காத ஒவ்வொரு வாரமும் உங்கள் வீட்டின் விலை இறங்குகிறது. வட்டிக்கு வாங்கியது தவறு என்றால் தவ்பாவின் வாசல் திறந்தே இருக்கிறது. ஒரு வட்டியை அடைக்க இன்னொரு வட்டி வாங்காதீர்கள்.

வசதியுள்ள சகோதரரே, சிரமப்படும் கடனாளிக்கு அவகாசம் கொடுப்பவருக்கு அல்லாஹ் தன் நிழலைத் தருவதாக நபி (ஸல்) அவர்கள் நற்செய்தி சொல்லியிருக்கிறார்கள். ஒரு வீட்டை ஐந்து லட்சம் குறைவாக வாங்கியவர் பேரப்பிள்ளைகளிடம் அதைத் திறமையாகச் சொல்லிக்கொள்ளலாம். மஹ்ஷர் மைதானத்தில் நிழல் தேடி நிற்கும்போது அந்த ஐந்து லட்சம் எந்தப் பக்கத்தில் எழுதப்பட்டிருக்கும் என்பதை இன்றே யோசித்துக்கொள்ளுங்கள்.

யா அல்லாஹ்! எங்களில் கடன்பட்டவர்களின் கடனை ஹலாலான வழியில் நிறைவேற்றிக் கொடுப்பாயாக. வட்டியின் எல்லா வாசல்களிலிருந்தும் எங்களையும் எங்கள் சந்ததிகளையும் பாதுகாப்பாயாக. வீடில்லாதவர்களுக்கு நிம்மதியான வீட்டையும், வீடுள்ளவர்களுக்கு அதில் பரக்கத்தையும் தருவாயாக. பிறருடைய கஷ்டத்தில் லாபம் தேடாத உள்ளத்தை எங்களுக்குத் தருவாயாக. எங்கள் மஹல்லாவை ஒருவருக்கொருவர் தோள் கொடுக்கும் மஹல்லாவாக ஆக்குவாயாக. ஆமீன். ஆமீன். யா ரப்பல் ஆலமீன்.